விசாவே தேவைப்படாத பயணத்துக்கு விசாக் கட்டணம்: மலேசிய வேலை என்று சேலத்தில் என் தம்பி ஏமாந்த விதம்

சேலம் புதிய பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில் இயங்கிய ஆள் அனுப்பும் அலுவலகத்தில் 2024 மே மாதம் என் தம்பி 1,20,000 ரூபாய் கட்டினான். அதே ஆண்டு டிசம்பரில் சட்டவிரோதக் குடியேறி என்ற பெயரோடு அபராதம் செலுத்திவிட்டு மலேசியாவிலிருந்து திரும்பினான். புகார் விசாரணையில் இருப்பதால் அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர்கள் கையாண்ட முறையை ஒன்று விடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் பெயர்ப் பலகை மாறினாலும் முறை மாறப்போவதில்லை.

தம்பி ஒன்பதாம் வகுப்போடு நின்று, பனங்காட்டில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவன். பட்டறையில் வேலை குறைந்த நேரத்தில், கோலாலம்பூர் உணவகத்தில் மாதம் 2,000 ரிங்கிட் சம்பளம், தங்குமிடம் இலவசம் என்று ஆசை காட்டினார்கள். மனைவியின் மூன்று சவரன் சங்கிலியை அடகு வைத்து, மீதியை மகளிர் குழுக் கடனாக வாங்கிக் கட்டினான். அதில் 45,000 ரூபாய் விசாவுக்கு என்றார்கள். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமலே சுற்றுலாவாக மலேசியாவுக்குள் நுழையலாம் என்பதை நாங்கள் பிறகுதான் தெரிந்துகொண்டோம். அதாவது இல்லாத ஒன்றுக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள். “முதலில் டூரிஸ்டாகப் போங்க தம்பி, அங்கே போனதும் பெர்மிட் அடித்துக்கொடுத்துவிடுவார்கள்” என்பது அவர்கள் சொன்ன அடுத்த பொய். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான புதிய ஒதுக்கீட்டு விண்ணப்பங்களை மலேசியா 2023 மார்ச்சிலேயே நிறுத்தி வைத்திருந்தது.

பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட் பொதுவாக ஈ.சி.ஆர்., அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகையைச் சேர்ந்தது. அப்படிப்பட்டவர் மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதாக இருந்தால், குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற மத்திய அரசு அதிகாரியின் அனுமதி பெற்றாக வேண்டும். சுற்றுலாவுக்குப் போகிறவருக்கு அது தேவையில்லை. அந்தச் சந்தில்தான் இவர்கள் ஆட்களை நுழைக்கிறார்கள். திருச்சி விமான நிலையத்தில் கேட்டால் பத்துமலை முருகனைக் கும்பிடப் போவதாகச் சொல்லுமாறு இரண்டு முறை சொல்லவைத்துப் பார்த்திருக்கிறார்கள். முருகன் பெயரால் பொய் சொன்னதுதான் இன்றைக்கும் அவனுக்குப் பெரிய உறுத்தலாக இருக்கிறது; எனக்கு அந்த ரசீதுதான். 1,20,000 ரூபாய் வாங்கிக்கொண்டு 38,500 ரூபாய்க்கு மட்டும் எழுதிய அந்த மஞ்சள் தாளில் வேலை என்ற சொல்லே கிடையாது. “சுற்றுலா ஏற்பாடு, விமானச் சீட்டு, விடுதி” என்று மட்டுமே இருக்கிறது. படிக்கத் தெரிந்த நானும் அன்று அதை வாங்கி மடித்துப் பையில்தான் வைத்தேன்.

அங்கே இறங்கிய அன்றே உணவக முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். முப்பது நாள் முடிந்த பிறகு பெர்மிட் பேச்சு எழவேயில்லை. சம்பளமும் சொன்னதில் பாதிதான். குடிநுழைவுத் துறையினர் சோதனைக்கு வருவதாகத் தகவல் வந்தால் சமையற்கட்டு ஆட்கள் பின்வாசல் வழியாக ஓடி, பக்கத்துக் கிடங்கில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். கல்லாவில் கிடக்கும் அந்த ஊர்த் தமிழ் நாளிதழில் கள்ளக் குடியேறிகள் பிடிபட்ட செய்தியைத் தன் தாய்மொழியிலேயே படிக்க நேர்ந்ததுதான் எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது என்று தம்பி சொன்னான். அந்நாட்டுச் சட்டப்படி அனுமதிக் காலம் கடந்து தங்கியவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்க முடியும்.

நான் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவன். வடமாநிலத் தொழிலாளர்களைக்கூட வெளிநாட்டவர் என்று ஏசுகிற பேச்சை டீக்கடையில் தினமும் கேட்கிறேன். அவர்கள் இந்தியக் குடிமக்கள், யாருடைய அனுமதியும் அவர்களுக்குத் தேவையில்லை. எல்லை தாண்டி வந்து போலி ஆதார் அட்டையோடு பிடிபடுகிறவர்கள் விஷயம் வேறு. அதில் எந்த நாடும் தன் சட்டத்தைக் கறாராகத்தான் நடத்தும், நடத்தவும் வேண்டும்; மலேசியர்களின் கோபத்தையும் நான் குறை சொல்லமாட்டேன். 2025 பிப்ரவரியில் சட்டவிரோதமாகக் குடியேறியதாக நாடு கடத்தப்பட்ட 104 இந்தியர்களை அமெரிக்க இராணுவ விமானம் அமிர்தசரஸில் இறக்கிவிட்டபோதும், போனவர்களைத் திட்டியவர்கள்தான் அதிகம். இலட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தவர்களைப் பற்றி நான் இருந்த இடத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. என் தம்பி செய்தது தவறில்லை என்று நான் வாதாட வரவில்லை. அந்தத் தவறுக்குக் கட்டணம் வசூலித்தவர் சேலத்திலேயே உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் என் ஆத்திரம்.

2024 மார்ச் 1 அன்று மலேசியா தொடங்கிய தாயகம் திரும்பும் திட்டம் இருந்ததால் 500 ரிங்கிட் அபராதத்தோடு சிறைக்குப் போகாமல் தப்பினான். பாஸ்போர்ட் கடைசி வரை கிடைக்கவில்லை. இந்தியத் தூதரகத்தில் அவசரப் பயணச் சான்று வாங்கி, நாங்கள் இங்கிருந்து போட்ட சீட்டில் வந்து சேர்ந்தான்.

திரும்பியதும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். தாங்கள் சுற்றுலாதான் ஏற்பாடு செய்ததாகவும், வேலைக்குப் போனது அவனுடைய சொந்த முடிவு என்றும் ரசீதைக் காட்டியே பதில் சொன்னார்கள். சென்னையிலுள்ள ஒரு நிறுவனத்தின் சப் ஏஜென்ட் என்று முன்பு சொன்னதையும் மறுத்தார்கள். சப் ஏஜென்ட் என்ற ஏற்பாட்டையே சட்டம் ஏற்பதில்லை. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி முகவர்களில் பதிவுச் சான்று பெற்றவர் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம். அவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்க முடியும், அதற்கு ரசீதும் தர வேண்டும். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் முகவரின் பதிவு எண்ணை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஐந்து நிமிட வேலை, நான் செய்யவில்லை. பதிவில்லாமல் ஆள் எடுப்பவருக்கு அந்தச் சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. எங்களிடம் வாங்கிய பணத்துக்கு அந்த அபராதம் தூசு. எனவே மோசடிப் பிரிவையும் சேர்க்கும்படி புகாரில் கேட்டிருக்கிறோம்.

அதே மாடிப்படி ஏறி, அதே மஞ்சள் ரசீதை வாங்கியவர்கள் சேலத்தில் இன்னும் இருப்பார்கள். ரசீது, வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் குரல் பதிவு என எது கையில் இருந்தாலும் அழித்துவிடாமல், மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்திலும் சென்னை குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் தனித்தனியாகப் புகார் கொடுங்கள். ஒரே ஒரு புகார் இருக்கிற வரைக்கும், நாங்கள் சுற்றுலாதான் அனுப்பினோம் என்ற அவர்களுடைய பதில் எடுபட்டுக்கொண்டேயிருக்கும்.