மூளைக்கட்டி எம்.ஆர்.ஐ.: லீனியர் மருந்தா, மேக்ரோசைக்ளிக் மருந்தா?

மூளைக்கட்டிக்காக எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது இரத்தக்குழாய் வழியே செலுத்தப்படும் கான்ட்ராஸ்ட் மருந்து, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு எங்கே பழுதாகியிருக்கிறதோ அங்கே கசிந்து, டி1 எனப்படும் வகை எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த இடத்தை வெளுக்கச் செய்கிறது. வேகமாக வளரும் மூளைப் புற்றுக்கட்டியான கிளையோபிளாஸ்டோமாவில், செல்கள் மடிந்துபோன நடுப்பகுதியைச் சுற்றி ஒழுங்கற்ற வெள்ளை வளையம் தெரிவது இதனால்தான். மருந்தில் இந்த வேலையைச் செய்யும் காடோலினியம் என்ற உலோகத்தின் அயனி தனித்துத் திரிந்தால் நச்சு என்பதால், அதை ஒரு மூலக்கூறு பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பிடியின் உறுதியில்தான் இரு வகைகளும் பிரிகின்றன.

மேக்னெவிஸ்ட், ஆம்னிஸ்கேன், மல்டிஹான்ஸ் ஆகியவை லீனியர் வகை. மூலக்கூறின் முனைகள் திறந்திருப்பதால் அயனி எளிதில் நழுவும். டோட்டாரெம், காடோவிஸ்ட் போன்ற மேக்ரோசைக்ளிக் மருந்துகளில் அது மூடிய கூண்டுக்குள் இருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் தோலை இறுகச்செய்யும் நோய்க்கும் காடோலினியத்துக்கும் உள்ள தொடர்பு 2006-இல் தெரியவந்தபோது, பழி பெரும்பாலும் லீனியர் மருந்துகள்மீதே விழுந்தது. பலமுறை ஸ்கேன் எடுத்தவர்களுக்கு, மருந்து செலுத்தாத படத்திலும் சிறுமூளையின் டென்டேட் நியூக்ளியஸ் வெளுத்துத் தெரிவதை 2014-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 2017-இல் ஐரோப்பிய மருந்து முகமை மேக்னெவிஸ்ட், ஆம்னிஸ்கேன் ஆகியவற்றை இரத்தக்குழாய் வழி செலுத்துவதை நிறுத்தி, மல்டிஹான்ஸைக் கல்லீரல் ஸ்கேனுக்கு மட்டும் ஒதுக்கியது; அமெரிக்காவோ எச்சரிக்கையோடு நின்றுகொண்டது. மூளையில் தங்கும் காடோலினியத்தால் நோய்க்குறி எதுவும் உண்டாவதாக நிறுவப்படவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்.

பட வெளிச்சத்தில் மட்டும் பார்த்தால் லீனியர் தரப்புக்கு ஒரு வாதம் உண்டு. இரத்தப் புரதத்தோடு லேசாக ஒட்டிக்கொள்ளும் மல்டிஹான்ஸ், அதே டோஸில் டோட்டாரெமைவிடக் கட்டியைப் பளிச்சென்று காட்டுகிறது. ஆனால் கிளையோமா (மூளையின் துணைச் செல்களில் தோன்றும் கட்டி) நோயாளிக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை, ஆண்டுக்கணக்கில் ஸ்கேன் தொடரும். இத்தனை ஊசிகளுக்குப் பிறகு உடலில் எது தங்குகிறது என்பதே என் கணக்கில் முதன்மையானது, ஆகவே மேக்ரோசைக்ளிக்கையே தேர்வேன். அந்த வெளிச்ச வாதமும் 2022-இல் அமெரிக்க அனுமதி பெற்ற காடோபிக்லெனாலால் ஆட்டங்கண்டுவிட்டது: மேக்ரோசைக்ளிக்கான இந்த மருந்து, 60 கிலோ எடையுள்ளவருக்கு வழக்கமான 6 மில்லிமோலுக்குப் பதில் 3 மில்லிமோலிலேயே காடோவிஸ்டுக்கு ஈடான படத்தைத் தருகிறது. விலை வேறு விஷயம்.

தடுப்பு உடையாத குறைந்த நிலைக் கிளையோமாக்கள் பல, எந்த மருந்துக்கும் வெளுப்பதில்லை. அங்கே, மருந்து இல்லாமலே எடுக்கக்கூடிய ஃப்ளேர் என்ற வகை எம்.ஆர்.ஐ. படமே துணை. கதிர்வீச்சுக்குப் பின் தெரியும் வெண்மை கட்டியா, புண்ணா என்பதையும் மருந்தின் வகை தீர்க்காது. அதைவிட, தொடர் ஸ்கேன்களுக்கு நடுவே மருந்தை மாற்றினால் கட்டி வளர்ந்ததுபோலவோ சுருங்கியதுபோலவோ தோன்றக்கூடும் என்பதால், ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் மருந்தின் பெயரும் டோஸும் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது.