டிரான்ஸ்வெல் கிண்ணமும் மேட்ரிஜெல்லும்: கொழும்பு ஆய்வுகூடத்துக்கு ஏற்றவையா?

புற்றுநோய்க் கலம் தடையைத் துளைத்து மறுபக்கம் போகுமா என்ற கேள்விக்கு, உயிருள்ள விலங்கில்லாமல் ஓரிரு நாளில் விடை தருவது டிரான்ஸ்வெல் கிண்ணம். 1962இல் பொய்டன் என்ற ஆய்வாளர் விவரித்த அறையின் வழிவந்தது. 24 குழித் தட்டில் தொங்கும். அடியில் துளையிட்ட மென்சவ்வு. மார்பகப் புற்றுக் கலங்களுக்கு 8 மைக்குரோமீற்றர் துளையையே வாங்குங்கள்.

கிண்ணத்தில் குறை சொல்ல அதிகமில்லை. சிக்கலெல்லாம் தடையாக அதன்மேல் பூசும் மேட்ரிஜெல்லில்தான். எலியின் சார்க்கோமா (இணைப்பிழையப் புற்று) கட்டியிலிருந்து எடுக்கும் இந்த ஜெல், 10 பாகை செல்சியசைத் தாண்டினாலே இறுகத் தொடங்கும். கொழும்பின் பகல் வெப்பம் 30 பாகை! முதல்நாள் இரவே பனிக்கட்டிக்குள் புதைத்து 4 பாகையில் உருகவிடுங்கள். பிப்பெற் முனை, குழாய், தட்டு எல்லாமே குளிர்ந்திருக்க வேண்டும். ஒரு முனை சூடாக இருந்தாலும் பூச்சு ஓரிடம் தடித்து ஓரிடம் மெலியும். கலங்கள் மெலிந்த இடத்தால் நழுவ, மூன்று குழிகள் மூன்று விடை சொல்லும்.

ஜெல்லை நீர்ப்பாயமற்ற (சீரம் இல்லாத) குளிர்ந்த வளர்ப்பு ஊடகத்தில் மில்லிலீற்றருக்கு 300 மைக்குரோகிராமாக ஐதாக்கி, கிண்ணத்துக்கு 100 மைக்குரோலீற்றர் ஊற்றி, 37 பாகையில் 2 மணிநேரம் வையுங்கள். போத்தலைத் திரும்பத் திரும்ப உறையவைக்காமல், வந்தவுடனேயே சிறு பங்குகளாகப் பிரித்துவிடுங்கள். உலர்பனியில் வரும் பொருள் என்பதால், போயாவோடு (பௌர்ணமி விடுமுறை) நீள்கின்ற விடுமுறைக்கு முன் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்கும்படி ஓடர் கொடுக்காதீர்கள்.

மேலே கிண்ணத்தில் நீர்ப்பாயமற்ற ஊடகத்தில் 25,000 கலங்கள், கீழே குழியில் கலங்களை இழுக்கும் 10 சதவீத நீர்ப்பாயத்துடன் 600 மைக்குரோலீற்றர். கலங்களைப் பெயர்த்தெடுக்கும் டிரிப்சின் நொதியை நிறுத்தச் சேர்த்த நீர்ப்பாயத்தைக் கழுவி நீக்காவிட்டால் மேலும் கீழும் ஒன்றாகிவிடும். கலங்களை இழுக்க எதுவும் இருக்காது. கிண்ணத்தைச் சரித்து இறக்குங்கள், அடியில் குமிழி சிக்கினால் அந்த இடம் வெறுமையாகவே தெரியும். 24 மணிநேரம் போதும். 48 ஆனால், கடந்தவையா பெருகியவையா என்று பிரிக்க முடியாது. பின்பு பஞ்சுக்குச்சியால் மேற்பக்கத்தை அழுத்தித் துடைத்து, மெதனோலில் நிலைப்படுத்தி, கிறிஸ்டல் வயலெற் சாயம் இட்டு, கீழ்ப்பக்கம் கடந்துவந்த கலங்களை எண்ணுங்கள்.

பூச்சில்லாக் கிண்ணம் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல், சோதிக்கும் மருந்து ஊடுருவலைத் தடுத்ததா, வெறும் நகர்வைத் தடுத்ததா என்று சொல்லவே முடியாது. செலவை மிச்சப்படுத்த இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். மிகப் பெரிய தவறு.

குருதியோட்டமும் நோயெதிர்ப்புக் கலங்களும் இங்கே கிடையாது. ஈரலிலோ நுரையீரலிலோ போய்க் குடியேறுவதைப் பார்க்க வேண்டுமானால் கோழிக் கருவோ எலியோதான்.