வரலாறா, கோட்பாடா: டிஜிட்டல் ஊடக ஆய்வேட்டுக்கு எந்த வழி?

முதுகலை கடைசிப் பருவத்தில் ஆய்வேட்டுத் தலைப்பு கேட்கும்போது டிஜிட்டல் ஊடகம் படிக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு வழியைப் பிடிக்கிறார்கள். பழைய தளங்களையும் கோப்புகளையும் தோண்டுவது ஒன்று, கருத்துகளை வைத்து வாதம் கட்டுவது மற்றொன்று. கோட்பாடு என்றால் அலைச்சல் கிடையாது என்பது பொதுவான நினைப்பு. கடலூரிலிருந்து வந்து புதுச்சேரி பேருந்து நிலையத்தில் பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டுக்கு பஸ் மாறுகிறவருக்கு அந்த ஆசை வருவது நியாயம்தான். ஆனாலும் கணக்கு தப்பு.

2000 வாக்கில் வந்த ஒரு தமிழ் இணையப் பக்கத்தை இரண்டு வழிக்கும் பொதுப் பொருளாக வைத்துப் பார்க்கலாம்.

வரலாற்று வழியில் முதல் வேலை, அந்தப் பக்கத்தைக் கெடாமல் எடுப்பது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அதன்பின் தமிழ்த் தளங்கள் பலவும் ஆளுக்கொரு எழுத்துருவை வைத்துக்கொண்டன. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அவற்றைத் திறந்தால் கட்டமும் கிறுக்கலும்தான் தெரியும். எழுத்துருக் கோப்பு சேமிக்கப்படாமல் போனது முக்கியக் காரணம். வேபேக் முகவரியில் உள்ள 14 இலக்க நேர எண்ணை ஒட்டி ஐ, டி, அடிக்கோடு மூன்றையும் (id_) சேர்த்தால், வேபேக் கைவைக்காத மூலக் கோப்பு வரும். அதை இறக்கி, திஸ்கி போன்ற பழைய குறியாக்கத்திலிருந்து (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை) இன்று பொதுவாக இருக்கும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அந்த 14 இலக்கம் உலக நேரம். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டாமல் விட்டால், உலக நேரப்படி மாலை ஆறரைக்கு மேல் பதிவானதெல்லாம் ஒரு நாள் முந்திப்போகும். பக்கம் ஒரு தேதியிலும் அதிலுள்ள படம் வேறு தேதியிலும் பதிவாகியிருக்கும். ஒரே திரைப்பிடிப்பைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

கோட்பாட்டு வழிக்கு ஒரு கேள்வியும் இரண்டு நூலும் போதும் என்பார்கள். அந்தக் கேள்விதான் கிடைக்காது. ஊடகக் கோட்பாட்டாளர் மக்லூகன் 1964இல் எழுதியதையும் புதிய ஊடகத்துக்கென்று லெவ் மனோவிச் 2001இல் சொன்ன ஐந்து தன்மைகளையும் எந்தச் செயலிமேலும் முத்திரையாகக் குத்திவிடலாம். குத்தியபின் தேர்வாளர் 'அதனால் என்ன?' என்பார். தமிழில் எழுதுகிறவருக்குக் கூடுதல் தலைவலி: சிம்பலும் (symbol) குறியீடு, கோடும் (code) குறியீடு. முதல் இயலிலேயே ஒன்றைக் குறியீடு, மற்றதை நிரல் என்று பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் இயலில் உங்களுக்கே எது எதுவென்று புரியாது.

நல்ல கேள்வி பொருளுக்குள்ளிருந்து வரும். 'கடலூர்' என்ற சொல் இலக்கணப்படி நான்கு எழுத்து. திஸ்கியிலும் நான்கே பைட். யூனிகோடில் லூ, ர் இரண்டும் பிரிந்து ஆறு குறிகள். யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 18 பைட். 'கொ'வைத் திஸ்கி பார்க்கிற வரிசையில் கொம்பு, க, கால் என்று மூன்றாக வைக்கும். யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி பிறகு. 'எழுத்து என்பது கண்ணில் தெரிவதா, கணினி எண்ணுவதா?' என்ற கேள்வியை இந்த எண்கள்தான் எழுப்புகின்றன. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு, ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் டேஸ்16 என்ற குறியாக்கத்தையும் ஏற்றதற்குப் பின்னால் இருந்த வாதமும் இதைத் தொட்டதுதான்.

ஆகவே எங்கள் தீர்ப்பு வரலாற்றுப் பக்கம். ஆறு மாதம் இருந்தால் நான்கு மாதம் கோப்புக்கு, இரண்டு மாதம் வாதத்துக்கு. மூன்றே மாதம் என்றால் பத்துப் பக்கங்களுக்குமேல் எடுக்காதீர்கள்; மாற்றிப் பிழை பார்க்கவே நாள் போய்விடும். நிரலைக் கண்டாலே ஒவ்வாது என்பவர் புதுச்சேரியின் புனித லூயி வீதியில் இருக்கும் பிரெஞ்சு நிறுவனத்தின் ஓலைச்சுவடிகளை எடுக்கலாம். அங்குள்ள சைவச் சுவடித் தொகுப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் ஏறியது. ஓலைக்கும் அதன் ஸ்கேனுக்கும் நடுவே எது விடுபடுகிறது என்பதே முழு ஆய்வேட்டுக்குக் காணும். அனுமதிக் கடிதத்தை மட்டும் பருவம் தொடங்கும்போதே கொடுத்துவிடுங்கள்.