ஒரே கடற்கரை, மூன்று புகை: லாஃப்ரோய்க், லாகவூலின், ஆர்ட்பெக்

ஸ்காட்லாந்தின் ஐலா தீவில், போர்ட் எலன் ஊரிலிருந்து கிழக்கே போகும் கடலோரச் சாலையில் முதலில் வருவது லாஃப்ரோய்க், அடுத்து லாகவூலின், அதற்கும் அப்பால் ஆர்ட்பெக். மூன்றும் விஸ்கி வடிசாலைகள். நடந்தே மூன்றையும் பார்த்துவிடலாம். மூன்றிலும் முளைகட்டிய பார்லியைப் பீட் புகையில் உலர்த்தியே பயன்படுத்துகிறார்கள். பீட் என்பது சதுப்பில் பல்லாயிரம் ஆண்டுகளாக மட்கிய பாசியும் புதர்களும் இறுகிய மண். வெட்டிக் காயவைத்தால் எரியும். லாஃப்ரோய்க் தனக்கு வேண்டிய பார்லியில் ஒரு பகுதியை இன்றும் தன் தளத்திலேயே பரப்பி முளைகட்டுகிறது. மற்றபடி மூன்றுக்கும் மூலப்பொருளில் பெரிய வேறுபாடு இல்லை.

பீட் விஸ்கி என்றதும் பலரும் பிடித்துக்கொள்வது ஓர் எண்ணை: மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியில், பத்து லட்சத்தில் எத்தனை பங்கு ஃபீனால் என்ற புகைநெடி வேதிப்பொருள். லாகவூலினுக்குச் சுமார் 35, லாஃப்ரோய்குக்கு 40 முதல் 45, ஆர்ட்பெக்குக்கு 55. இந்தக் கணக்கை நம்பினால் ஆர்ட்பெக்தான் தொண்டையைப் பிடிக்க வேண்டும். பிடிப்பதில்லை. அந்த எண் பார்லியில் அளந்தது, புட்டியில் அளந்தது அல்ல. நொதிக்கும்போதும் வடிக்கும்போதும் ஃபீனாலில் பெரும் பங்கு போய்விடுகிறது. எஞ்சியதை மரப்பீப்பாயும் காலமும் மென்மையாக்குகின்றன. எண்ணைப் பார்த்து விஸ்கி வாங்குவது வீண் வேலை என்பதே என் கட்சி.

வித்தியாசம் வாலையில், அதாவது வடிக்கும் கலத்தில், தொடங்குகிறது. ஆர்ட்பெக்கில் இரண்டாம் வடிப்புக்கான செம்பு வாலையின் கழுத்தருகே ஒரு குழாய் இருக்கிறது. கனமான ஆவி குளிர்ந்து அதன் வழியே மீண்டும் வாலைக்கே திரும்பிவிடும். இலேசானது மட்டும் தப்பிப் போகும். அதனால்தான் அவ்வளவு புகைக்கு நடுவிலும் எலுமிச்சைத் தோலும் பச்சை ஆப்பிளும் தெளிவாகத் தெரிகின்றன. லாஃப்ரோய்க் நேர் எதிர்த் திசையில் போகிறது. வடிப்பின் தொடக்கத்தில் வரும் பழ வாசனைப் பகுதியைத் தாராளமாக ஒதுக்கிவிட்டு, தாமதமாகத்தான் சேகரிக்கத் தொடங்குகிறார்கள். மருந்து நெடி தரும் ஃபீனால்கள் பிந்தி வருபவை. அயோடின், டிஞ்சர் நனைத்த கட்டுத்துணி, ஈரக் கடற்பாசி என்று லாஃப்ரோய்க் மூக்கில் அறைவதற்குக் காரணம் இதுதான். இந்த நெடியை வெறுப்பவர்களோடு வாதாடுவதில் பயனில்லை.

இதைப் போலச் செய்ய முயன்றவரும் உண்டு. லாகவூலினின் உரிமையாளர் பீட்டர் மேக்கி, லாஃப்ரோய்கின் விற்பனை முகவர் பொறுப்பு கைநழுவிய கோபத்தில், 1908இல் தன் வளாகத்துக்குள்ளேயே மால்ட் மில் என்ற சிறு வடிசாலையைக் கட்டினார். நோக்கம், அசல் லாஃப்ரோய்க் சுவை. அது கிடைக்கவேயில்லை, 1962இல் மால்ட் மில் மூடப்பட்டது.

லாகவூலின் 16, பெயரே சொல்வதுபோலப் பதினாறு ஆண்டுகள் பீப்பாயில் கிடந்தது. மற்ற இரண்டும் பத்தாண்டுச் சரக்கு. அந்த ஆறு ஆண்டு இடைவெளி நாக்கில் நன்றாகவே தெரியும். புகை முன்னால் வந்து நிற்பதில்லை. உலர்ந்த அத்திப்பழம், கரும் தேயிலை, அதிமதுரம் என்று இனிப்பும் கசப்பும் கலந்த அடர்த்திக்குள் ஊறிக் கிடக்கிறது. விழுங்கிய பிறகும் நெடுநேரம் அகலாது. மூன்றில் முழுமையானது இதுதான், சந்தேகமில்லை. ஆனால் முதல் வாயிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. கடைசி வாயிலும் அதையேதான் சொல்கிறது.

லாஃப்ரோய்க் 10 மீது எனக்குள்ள குறை சுவையில் இல்லை, வீரியத்தில். பல நாடுகளில் அது 40 சதவீதத்தில்தான் புட்டியில் அடைக்கப்படுகிறது. மணம் முழங்குகிறது, வாயிலோ நீர்த்துப்போகிறது. ஆர்ட்பெக் 10 வருவது 46 சதவீதத்தில், குளிர்வடிகட்டல் இல்லாமல். அதனால் தண்ணீர் சேர்த்தால் சற்றுக் கலங்கவும் செய்யும். கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், எண்ணெய்ப்பசை வடிகட்டப்படாததன் அடையாளம் அது. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட கணினி மாதிரி ஆய்வின்படி, புகை மணத்துக்குக் காரணமான குவையகோல், மதுவீரியம் 45 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது திரவத்தின் மேற்பரப்பை ஒட்டியே நிற்கிறது, மூக்குக்கு எளிதில் எட்டுகிறது. ஆர்ட்பெக்கில் சில துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள்: தார் வாடை எழுந்து, அதன் பின்னால் இனிப்பு விரியும். சுவைக்கக் கற்றுக்கொள்பவருக்கு ஒரே ஒரு புட்டிதான் என்றால், தயங்காமல் இதையே சொல்வேன்.

மூன்றையும் ஒரே மாலையில் ஒப்பிடுவதானால் லாகவூலினில் தொடங்குங்கள். ஃபீனால் நாக்கை விரைவில் மரத்துப்போகச் செய்யும். முதலில் காணாமல் போவது அந்தப் பழ இனிப்புதான். அடுத்து ஆர்ட்பெக், கடைசியாக லாஃப்ரோய்க். வாய் குறுகிய கிண்ணம் வேண்டும். முகரும்போது உதடுகளைச் சற்றுத் திறந்து வைத்தால் ஆல்கஹால் காரம் மூக்கைத் தாக்காது. பனிக்கட்டி வேண்டாம், குளிர்ந்தால் மணம் எழும்பாது.