கல்பாத்தியில் பழைய வீடு வாங்கப் போகிறீர்களா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

பாலக்காட்டில் கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் பக்கம் பழைய அக்ரஹார வீடு ஒன்று வாங்கிப் போடலாம் என்று நினைக்கும் தமிழ்நாட்டுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். கோயம்புத்தூருக்குப் பக்கம், ஆற்றங்கரை, விசுவநாத சுவாமி கோயில், நவம்பரில் தேர், தெருவில் இறங்கினால் தமிழ்ப் பேச்சு. ரிட்டயர் ஆனவர்கள் மயங்குவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. என் பணம் 15 லட்சம் ரூபாய் அப்படி ஒரு வீட்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. வழக்கு நடப்பதால் யார் பெயரையும் போடவில்லை.

தரகர் காட்டிய காகிதங்கள் இவை: குடிக்கடம் (நம் ஊரில் வில்லங்கச் சான்று) 13 வருடத்துக்கு, ஒரு பதிவும் இல்லாமல் பளிச்சென்று. நடப்பு வருடக் கரம் (நில வரி) ரசீது. ஒரு வக்கீலின் லீகல் ஒப்பீனியன், நாலு பக்கம், முடிவில் 'விற்பவருக்குத் தெளிவான உரிமை உண்டு' என்ற வரி. "சாரே, டைட்டில் பக்கா. பேங்க்காரன் கண்ணை மூடி லோன் கொடுப்பான்" என்றார் தரகர். அக்ரிமெண்ட் போட்டு அட்வான்ஸ் கொடுத்தேன். கமிஷனில் பாதியை அன்றைக்கே ரொக்கமாக வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது அந்தக் காகிதங்கள் என்ன சொல்லவில்லை என்று பார்ப்போம்.

வீட்டை வாங்கியவர் விற்பவரின் தாத்தா, 1953-ல், தன் சம்பாத்தியத்தில். 1984-ல் உயில் எழுதாமல் இறந்துபோனார். அதற்குப் பிறகு அந்த வீட்டின் பேரில் ஒரு பத்திரமும் பதிவாகவில்லை. அதனால்தான் குடிக்கடம் வெள்ளையாக இருந்தது! 13 வருடம் இல்லை, 40 வருடத்துக்குப் போட்டிருந்தாலும் வெள்ளையாகத்தான் வந்திருக்கும். பதிவான பத்திரங்களை மட்டும்தான் அது காட்டும். யார் செத்தார்கள், யாருக்குப் பங்கு போனது, கோர்ட்டில் பாகப் பிரிவினை வழக்கு நடக்கிறதா, இதெல்லாம் பொதுவாக அதில் வராது. பத்திரத்தை வங்கியில் வெறுமனே ஒப்படைத்து வாங்கிய கடனும் வராமல் போகலாம். அதை செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டில் சிறு கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம்.

கரம் ரசீது இன்னும் வேடிக்கை. அது தாத்தா பெயரிலேயே இருந்தது. கேரளத்தில் சொத்து கைமாறினால் வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு செய்து, தண்டப்பேர் கணக்கைப் புது உரிமையாளர் பெயருக்கு மாற்ற வேண்டும். நம் ஊர்ப் பட்டா மாறுதல் போல. இங்கே நாற்பது வருடமாக இறந்தவர் பெயரிலேயே யாரோ கரம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வருவாய்க் கணக்கில் பெயர் மாறினாலே உரிமை வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியாகிவிட்டது. இங்கே பெயர்கூட மாறவில்லை.

தாத்தாவுக்கு ஒரு மகன், இரண்டு மகள்கள். மகனின் பிள்ளைதான் நம்மிடம் விற்க வந்தவர். 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் சுயார்ஜிதச் சொத்து (தானே சம்பாதித்தது) மனைவி, மகன், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. பாட்டியும் பின்னால் காலமானதால் அவர் பங்கும் மூன்று பிள்ளைகளுக்கே போனது. ஆக, விற்பவரின் அப்பா வழிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு அத்தைகளுடையது.

இந்த இடத்தில் பலர் 2005 திருத்தத்தைக் கொண்டுவந்து குழப்புவார்கள். மகள்களுக்குப் பிறப்பால் உரிமை என்ற அந்தத் திருத்தம் கூட்டுக் குடும்பச் சொத்துக்கு. சுயார்ஜிதத்தில் மகளுக்கு 1956 முதலே பங்கு உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்தாலோ, கேரளத்தில் கணக்கே வேறு. 1976 டிசம்பர் 1 முதல் அங்கே இந்துக் கூட்டுக் குடும்ப முறையைச் சட்டம் போட்டே ஒழித்துவிட்டார்கள். அந்தச் சட்டம் 2005 திருத்தத்தோடு முரண்படுகிறது என்று 2025-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. கோயம்புத்தூர் வக்கீலிடம் காட்டி சரி என்று வாங்கிக்கொண்டு போனால் போதாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அத்தைகள் விஷயம் எனக்கு எந்தக் காகிதத்திலிருந்தும் தெரியவரவில்லை. பத்திரப் பதிவுக்கு முன் வீட்டை அளக்கப் போயிருந்தபோது, எதிர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமி கூப்பிட்டுக் கேட்டார். "ஏன்னா, வீடு நீங்கதான் வாங்கறேளா? அவனோட அத்தை ரெண்டு பேர் இருக்காளே, அவா ஒப்பு வெச்சாச்சா?" ஒருத்தி திருச்சியில், இன்னொருத்தி காலமாகி அவள் பிள்ளைகள் அமெரிக்காவில் என்று முழு விவரமும் அவரிடம் இருந்தது. நாலு பக்க ஒப்பீனியனில் இல்லாதது.

விற்பவரைக் கேட்டேன். "அத்தைகளுக்கு அப்பவே நகை, சீர் எல்லாம் செஞ்சு கல்யாணம் பண்ணிக் கொடுத்தாச்சு, அங்கிள். அவங்க எழுதியும் கொடுத்திருக்காங்க" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். 100 ரூபாய் முத்திரைத்தாள், நோட்டரி சீல், இரண்டு கையெழுத்து. பதிவு எண் கிடையாது. அசையாச் சொத்தில் பங்கை விட்டுக்கொடுக்கும் ஒழிமுறிப் பத்திரம் பதிவு செய்திருந்தால்தான் செல்லும். நோட்டரி முத்திரை அதற்கு ஈடாகாது. குடும்பத்துக்குள் ஒழிமுறி பதிய, விற்பனைப் பத்திரத்துக்கு ஆகிற அளவு முத்திரைச் செலவும் ஆகாது. அப்படியும் பதியவில்லை என்றால் காரணம் ஒன்றுதான்: அத்தைகள் சப் ரிஜிஸ்டிரார் முன்னால் வந்து நிற்கச் சம்மதிக்கவில்லை. சீர் செய்ததால் பங்கு போய்விட்டது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனாலும் படித்த குடும்பங்களில்கூட இந்த வசனம் இன்னும் ஓடுகிறது.

அப்புறம் இ-கோர்ட்ஸ் தளத்தில் பாலக்காடு கோர்ட்டுகளில் விற்பவர் பெயரைப் போட்டுத் தேடினோம். காசு செலவில்லாத வேலை. திருச்சி அத்தை போட்ட பாகப் பிரிவினை வழக்கு வந்து நின்றது. அக்ரிமெண்டுக்கு முன்பே தாக்கலானது. வழக்கு நடக்கும்போது சொத்தை வாங்குகிறவர், தனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னாலும், தீர்ப்புக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும்; சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-வது பிரிவு. பதிந்திருந்தால் முழு விலையும் கொடுத்து, மூன்றில் ஒரு பங்கும் ஒரு வழக்கும் வாங்கியிருப்பேன். அதற்கு மேல் கேரளத்தில் முத்திரை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்.

என் கோபம் விற்பவரைவிட அந்த வக்கீல் மேல்தான் அதிகம். கேட்டபோது, "அத்தைகளோட ரிலீஸ் பத்திரம் இருக்கே, பார்த்தேனே" என்றார். பதிவு எண் இல்லையே என்றதும் பேச்சு மாறியது. வாரிசுச் சான்று கேட்கவில்லை, வழக்குத் தேடவில்லை, வில்லேஜ் ஆபீஸ் பக்கம் போகவில்லை. அவரை அனுப்பி வைத்தவர் தரகர். வீடு கைமாறினால்தான் தரகருக்குக் கமிஷன். தரகர் அனுப்பும் ஆட்களால்தான் இந்த வக்கீலுக்கு வருமானம். அவரிடமிருந்து 'வேண்டாம்' என்ற ஒப்பீனியன் எப்படி வரும்? வக்கீலை நீங்களே தேடிப் பிடியுங்கள், பீஸ் உங்கள் கையால் கொடுங்கள். 1953 பத்திரத்துக்கும் முந்தைய முன்னாதாரம் (முன் பத்திரம்), அசலில், கேளுங்கள். ஜெராக்ஸ் மட்டும் கிடைத்தால் அசல் எங்கே என்ற கேள்விக்குப் பதில் வரும் வரை ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

இன்னொரு பொய்யும் உண்டு. அது இந்தத் தெருக்களுக்கே உரியது. "முன்பக்கம் இடிச்சு மூணு மாடி போடலாம், லிஃப்ட் வைக்கலாம், கீழே கார் நிறுத்தலாம்" என்று தரகர் படம் வரைந்தே காட்டினார். கல்பாத்தி அக்ரஹாரங்கள் பாரம்பரியப் பகுதி. இடிப்பதோ மாற்றிக் கட்டுவதோ நகராட்சி அனுமதியோடு முடிகிற வேலை இல்லை, மாநில அரசின் கலை மற்றும் பாரம்பரிய ஆணையத்தின் சம்மதமும் வேண்டும். அங்கே குடியிருப்பவர்களே சிறு மாற்றத்துக்கு அனுமதி கிடைக்காமல் அலைவதாக வருடக்கணக்கில் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது நியாயமா இல்லையா என்பது வேறு விஷயம். எனக்கென்னவோ அந்தத் தெரு அப்படியே இருப்பதுதான் பிடிக்கும். ஆனால் மூன்று மாடிக் கனவுக்கு விலை வைத்து ஓட்டு வீட்டை விற்பது மோசடி. அதோடு இவை வரிசை வீடுகள். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுச்சுவர் ஒன்றே. சுவர் யாருடையது, கொல்லையில் தண்ணீர் போகும் வழி யாருடையது என்று பத்திரத்தின் எல்லை விவரத்தைப் படித்து, நேரில் ஒத்துப் பார்க்க வேண்டும்.

பாலக்காட்டுக் கோட்டைப் பக்கம் பார்க்கிறவர்களுக்கு விதி வேறு. அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கட்டத் தடை; அதற்கடுத்த 200 மீட்டரில் முன் அனுமதி வாங்கித்தான் கட்ட முடியும். மனை வாங்கும் முன் தூரத்தை அளந்துவிடுங்கள்.

வாடகைக்கு ஆள் இருக்கும் வீடு என்றால், "ரெண்டே மாசத்துல காலி பண்ணித் தரேன்" என்பதை நம்ப வேண்டாம். 1965-ம் ஆண்டு கேரள வாடகைச் சட்டப்படி கோர்ட் மூலம்தான் காலி செய்ய வைக்க முடியும். காலி செய்த பிறகு பதிவு என்று அக்ரிமெண்டிலேயே எழுதுங்கள்.

பணம் என்ன ஆனது? விற்பவர், "நீங்களாகத்தானே பின்வாங்குகிறீர்கள், அட்வான்ஸ் போச்சு" என்று ஆரம்பித்தார். வழக்கை மறைத்து அக்ரிமெண்ட் போட்டவர் அப்படிச் சொல்ல முடியாது. சொத்து மாற்றுச் சட்டம் 55-வது பிரிவில் வாங்குபவருக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது: கொடுத்த முன்பணத்துக்கு, விற்பவரின் பங்கு அளவுக்கு அந்தச் சொத்தின் மீதே உரிமை கோரலாம். புது வக்கீல் அதைச் சொல்லித்தான் வழக்குப் போட்டிருக்கிறார். பணம் முழுக்க வங்கி வழியே போனதால் கொடுத்ததற்கு ஆதாரம் இருக்கிறது. அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கச் சட்டத்தில் கெடு உண்டு என்பதால், சமரசம் பேசலாம் என்று இழுத்தடிக்கிறவர்களிடம் கவனமாக இருங்கள். தரகர் வாங்கிய ரொக்கத்துக்கு ரசீது தரவில்லை, போனும் எடுப்பதில்லை.

அதே வீட்டை இப்போது வேறொரு தரகர் மூலம் சென்னை, பெங்களூரு ஆட்களுக்குக் காட்டுவதாகக் கேள்விப்படுகிறேன். விலையைக் குறைத்துச் சொல்கிறார்களாம். தாத்தா பெயரில் கரம் ரசீது, வெள்ளைக் குடிக்கடம், நோட்டரி போட்ட 100 ரூபாய்த் தாள், இந்த மூன்றும் சேர்ந்து உங்கள் முன்னால் வந்தால், முதலில் வாரிசுச் சான்றைக் கேளுங்கள். அதில் உள்ள ஒவ்வொருவரும் நேரில் வந்து, அல்லது முறையான பவர் பத்திரம் கொடுத்து, கையெழுத்துப் போட்டால் மட்டும் பேசுங்கள். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் பதிவு நாளன்று உறுதி செய்துகொள்ளுங்கள். அவர் இறந்தால் பவரும் போயிற்று.