வயலேட்டர் இசைத்தட்டு: ஐந்தாவது பாட்டு முடிந்ததும் எழுந்திருக்க வேண்டும்

டெபெஷ் மோட் இசைக்குழுவின் வயலேட்டர் ஆல்பம் எனக்கு முதலில் கிடைத்தது கேசட்டில். பெரியப்பா பையன் 60 நிமிட கேசட்டில் பதிந்து கொடுத்தான். ஆறாவது பாட்டான என்ஜாய் த சைலன்ஸ் முடிந்ததும் ஏதோ ஒரு முனகல் கேட்கும், பாதியில் டக்கென்று அறுந்துவிடும். பதிவுக் கோளாறு என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். போன மாதம் இசைத்தட்டு வாங்கிக் கேட்டபோதுதான் தெரிந்தது, அது பாட்டுக்குப் பின்னால் வேண்டுமென்றே ஒட்டிவைத்த குட்டி இசைத்துண்டு. என் கேசட்டில்தான் நாடா போதவில்லை.

இவர்கள் இங்கிலாந்தின் எசெக்ஸ் பக்கம் பாசில்டன் ஊர்க்காரர்கள். 1980-இல் ஆரம்பித்தார்கள். 1981-இல் வந்த முதல் ஆல்பத்தில் பெரும்பாலான பாட்டுகளை எழுதியவர் வின்ஸ் கிளார்க். அந்த வருடமே அவர் விலகிவிட்டார். அப்புறம் பாட்டெழுதும் வேலை குழுவில் இருந்த மார்ட்டின் கோர் தலையில் விழுந்தது. நல்லவேளை விழுந்தது. கிளார்க்கின் மெட்டுகள் துள்ளும். கோர் எழுதினால் அதே சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலி எழுப்பும் கருவி) இருட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். 1982-இல் ஆலன் வைல்டர் வந்து சேர்ந்தார். அடுத்த வருடம் கட்டுமான இடங்களில் கிடந்த இரும்பையெல்லாம் தட்டிப் பதிந்து, அந்தச் சத்தத்திலேயே தாளம் கட்டினார்கள்.

வயலேட்டர் 1990-இல் வந்தது. தயாரிப்பில் குழுவோடு இருந்தவர் ஃப்ளட் என்ற இசைத் தயாரிப்பாளர். பர்சனல் ஜீசஸ் பாட்டில் தம் தம் என்று வருவது டிரம் இல்லை, கருவிகள் வைக்கும் பெட்டிகள் மேல் ஆட்கள் ஏறிக் குதித்த சத்தம். சின்ன ஸ்பீக்கரில் அது வெறும் தாளம். இந்தத் தட்டில் பலகை அதிர்வதே கேட்கிறது.

என்ஜாய் த சைலன்ஸ் முதலில் மெதுவான பாட்டு. கோர் ஆர்மோனியம் போன்ற ஒரு வாத்தியத்தை மட்டும் வைத்துப் பாடியிருந்தார். வேகத்தைக் கூட்டலாம் என்றார் வைல்டர். கோருக்கு அதில் இஷ்டமே இல்லை. கடைசியில் அந்த கிதார் மெட்டை வாசித்துச் சேர்த்தவரும் அவரேதான். வேகம் கூடியும் சோகம் குறையவில்லை. பாடகர் டேவ் கஹான் குரலை ஏற்றவே மாட்டேன் என்கிறார்; சுற்றிலும் அத்தனை இடம் காலியாக இருக்கிறது.

சரி, தட்டு எப்படி? மொத்தம் 9 பாட்டு, 47 நிமிடம். முதல் பக்கம் வெயிட்டிங் ஃபார் த நைட் பாட்டோடு முடிகிறது. கொதிக்கும் முன் தண்ணீரில் வருமே சின்னச் சின்ன குமிழி, அந்த மாதிரி ஒரு சிந்தசைசர் ஓட்டம், அதன் மேல் கஹானும் கோரும் தணிந்த குரலில் பாடுகிறார்கள். முடிந்ததும் முள் சுற்றும் சத்தம் மட்டும் இருக்கும். எழுந்து போய்த் தட்டைத் திருப்பினால் என்ஜாய் த சைலன்ஸ். கேசட்டில் இரண்டும் மூச்சுவிடாமல் அடுத்தடுத்து ஓடியதால் இந்த இடைவெளி எனக்குக் கிடைத்ததே இல்லை.

குறையும் உண்டு. எனக்கு வந்த தட்டு லேசாக வளைந்திருந்தது, முள் படகு மாதிரி ஏறி இறங்குகிறது. கடைக்காரரிடம் சொன்னேன். "ஓடுதுல்ல சார்?" என்றார். ஓடுகிறது. ஆனால் வெயிட்டிங் ஃபார் த நைட் மாதிரி அடக்கமான பாட்டில் ஒவ்வொரு தூசியும் கேட்கும், வாங்கினால் ஒரு பிரஷ்ஷும் சேர்த்து வாங்கிவிடுங்கள். அட்டையில் கறுப்புப் பின்னணியில் ஒற்றைச் சிவப்பு ரோஜா, புகைப்படக்காரர் ஆண்டன் கார்பைன் கைவண்ணம். கேசட்டில் தீப்பெட்டி அளவுக்குக்கூடப் பார்த்ததில்லை, பால்பாயிண்டில் எழுதிய பெயர்தான் இருந்தது.

ப்ளூ டிரெஸ் மட்டும் எனக்கு ஒட்டவில்லை. கோர் பாடுவது, கொஞ்சம் இழுக்கிறது. போனில் கேட்கும்போது தாண்டிவிடுவேன். இதில் எழுந்து போய் முள்ளைத் தூக்கச் சோம்பலாக இருப்பதால் முழுசாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.