வேற்றுமை உருபு அறியாத ட்வார்க்

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நான் மதுரையில் ஆய்வு மாணவன். சென்னையில் சிக்கிக்கொண்டவர்கள் ட்விட்டரில் எழுதுவதைத் திரட்ட ட்வார்க் என்ற கணினிக் கருவியை நிறுவினேன். பொத்தான், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் கட்டளையை அடித்துப் பக்கத்தில் ஒரு சொல்லைக் கொடுத்தால், அந்த நொடியிலிருந்து அச்சொல் வரும் ட்வீட்டுகள் வரிக்கு ஒன்றாகக் கோப்பில் விழும். அன்றிரவு விடுதி இணையம் மூன்று முறை போய்வந்தது. நான் தூங்கிவிட்டேன், அது தானே காத்திருந்து இணைப்பைப் பிடித்துக்கொண்டது.

எட் சம்மர்ஸ் என்ற அமெரிக்கர் எழுதியது. 2014-இல் அமெரிக்காவின் ஃபெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்ற இளைஞர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டபின் குவிந்த ட்வீட்டுகளைச் சேகரித்துப் பெயர் பெற்ற கருவி.

காலையில் கோப்பைத் திறந்தால், 'மழை' என்ற சொல்லுக்கு நினைத்ததில் பாதிகூட இல்லை. 'மழையில்', 'மழையால்', 'மழைக்கு' எதுவுமே வரவில்லை. பிழை ட்வார்க்குடையது அன்று. ட்வீட்டுகளை உடனுக்குடன் அனுப்பிய ட்விட்டரின் ஓடை முழுச்சொல்லாகத்தான் பொருத்தியது. விதியைப் படிக்காமல் படுத்தது நான். அப்போது ஒரே நேரத்தில் 400 சொற்கள் வரை கொடுக்கலாம். ஆங்கிலத்துக்கு அது தாராளம். நமக்கோ 'வீடு' ஒன்றே வீட்டில், வீட்டை, வீட்டுக்குள், வீட்டிலிருந்து என்று ஒரு வரிசையைத் தின்றுவிடும். எட்டாம் வகுப்பில் வெறுத்த வேற்றுமை அட்டவணையை அன்று காலை எழுதினேன். ட்வார்க்கின் தேடல் கட்டளை அப்போது ஏழு நாள் பின்னோக்கிப் போகும் என்பதால் விட்டதில் பெரும்பகுதி கிடைத்தது.

இன்னொரு குறை: கோப்பில் தமிழ் தமிழாக இருக்காது, எண்குறிகளாகக் கிடக்கும். ஜேகியூ என்ற சிறு கருவியின் வழியே செலுத்தினால் படிக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஹைட்ரேட்' என்ற கட்டளை. முழு ட்வீட்டுகளைப் பொதுவில் பகிர ட்விட்டர் விடாது; அடையாள எண்களை மட்டும் கொடுக்கலாம். எண்ணைக் கொடுத்தால் இக்கட்டளை ட்வீட்டைத் திரும்பக் கொண்டுவரும், எழுதியவர் அழிக்காமல் இருந்தால். மறு ஆண்டு ஓட்டிப் பார்த்தேன். கைப்பேசி எண்ணோடு 'இரண்டாம் மாடியில் இருக்கிறோம்' என்று எழுதியவர்கள் பலர் திரும்பி வரவில்லை. தண்ணீர் வடிந்ததும் அந்த ட்வீட்டை அழித்துவிட்டார்கள்; சரிதானே.

2023-இல் ட்விட்டர், இத்தகைய கருவிகள் ட்வீட்டுகளை எடுக்கும் இலவச வாயிலை மூடி, மாதம் 100 டாலர் கேட்டது. எனவே இன்று புதிதாக நிறுவச் சொல்ல மாட்டேன். பழைய கோப்பு வைத்திருப்பவர்கள் மட்டும் கணினியிலிருந்து ட்வார்க்கை நீக்க வேண்டாம்.